குறைந்துகொண்டே வந்த கண்ணிகள்: முதல் பிடிதுணி பின்னிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் அறுபதை எட்டிக்கொண்டிருந்தவர். பணி ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதிப் பழகிய கை. முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் நூலை வளையம் வளையமாக இழுத்துப் பின்னுவதுதான் குரோஷே. அந்த ஊசியை அவர் அதற்கு முன் தொட்டதே இல்லை. நான் பல ஆண்டுகளாகக் குரோஷே சொல்லிக்கொடுத்து வருகிறேன். என்னிடம் வரும்போதே என்ன பின்ன வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

“அலங்காரமா எதுவும் வேண்டாம்மா. அடுப்புல இருந்து சூடான பாத்திரத்தை இறக்க ஒரு பிடிதுணி. அது நான் பின்னினதா இருக்கணும், அவ்வளவுதான்.”

முதன்முதலாகப் பின்னுகிறவர் யார் கேட்டாலும் நானும் பிடிதுணியைத்தான் சொல்வேன். சதுரம் என்பதால் கண்ணிகளை, அதாவது ஊசியால் போடும் ஒவ்வொரு பின்னலையும், கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை. சங்கிலியும் (ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்த வளையங்களின் வரிசை) சிங்கிள் குரோஷேயும் (குட்டையான அடிப்படைக் கண்ணி) தெரிந்தால் போதும். கையகலம்தான், அலுப்புத் தட்டுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் கழுத்துத் துண்டில் நாலு கண்ணி விட்டுப்போனாலும் போட்டுக்கொள்ளலாம்; பிடிதுணியில் ஓட்டை விழுந்தால் கை சுடும். அதை அவரிடம் முதல் நாளே சொன்னேன்.

மொத்தம் ஐந்து அமர்வுகள், மூன்று வாரங்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இரண்டாம் அமர்வில் நேர்ந்த தவறு புதிதல்ல. புதிதாகப் பின்னுகிற பலரிடம் பார்த்ததுதான். ஆனால் அதன் வேர் எங்கே இருக்கிறது என்பது இவரிடம்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதனால் அவர் சம்மதத்துடன் எழுதி வைக்கிறேன்.

நூலும் ஊசியும்

முதல் நாள் வரும்போது வீட்டில் கிடந்த ஒரு நூல்கண்டை எடுத்து வந்திருந்தார். லேபிள் எப்போதோ கழன்று போயிருந்தது. தொட்டால் மெத்தென்று இருந்தது, பருத்தி என்றே நினைத்திருந்தார். எனக்குச் சந்தேகம். பிடிதுணிக்குச் சந்தேகத்தோடு நூலை எடுப்பதில்லை.

விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, ஓர் எஃகுத் தட்டுக்கு மேலே தீக்குச்சி வைத்தோம். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வரும், ஊதினால் பறக்கிற சாம்பல் மிஞ்சும். இது அப்படி எரியவில்லை. நெருப்பைக் கண்டதும் சுருண்டது, உருகியது, நுனியில் கருப்பாக ஒரு மணி திரண்டது. ஆறிய பிறகு நகத்தால் அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. அக்ரிலிக், செயற்கை இழை. இது சூடான கைப்பிடியில் பட்டு இளகினால் பாத்திரத்தில் ஒட்டும், தோலிலும் ஒட்டும். பருத்தி அதிகச் சூட்டில் கருகுமே தவிர உருகாது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் பிடிதுணிக்குப் பருத்தி மட்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

பருத்தியிலும் பளபளப்பான மெர்சரைஸ்டு நூல் உண்டு. ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1850இல் காப்புரிமை பெற்ற காரக் கரைசல் முறையிலிருந்து வந்த பெயர் அது. வழவழப்பாக, பார்க்க அழகாக இருக்கும். பிடிதுணிக்கு நான் பளபளப்பில்லாத சாதாரணப் பருத்தியையே எடுப்பேன்; கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதால் கைப்பிடியில் வழுக்காது, பின்னல் மெத்தென்று தடிமனாகவும் வரும். நடுத்தரத் தடிமனில் 50 கிராம் கண்டுகள் இரண்டு எடுத்துவைத்தேன்: ஒன்று கருநீலம், ஒன்று சந்தன நிறம். ஊசி 5 மில்லிமீட்டர்.

அவர் கருநீலத்தை எடுத்தார். அழுக்குத் தெரியாது என்றார். காரணம் நியாயமாக இருந்ததால் நானும் மறுக்கவில்லை. இது நான் எடுத்த முதல் தவறான முடிவு.

முதல் அமர்வு

சங்கிலி போடுவதிலேயே முக்கால் மணி நேரம் போனது. அதில் வியப்பில்லை. வலது கை ஊசியைப் பிடித்திருக்க, இடது கை நூலை விட்டுவிட்டுப் பிடிக்கப் பழகவே நேரம் ஆகும். அவர் நூலை இழுத்து இறுக்கிக்கொண்டே போனார். சங்கிலிக் கண்ணிகள் ஊசி நுழையாத அளவுக்கு இறுகின. உள்ளே நுழைக்கப் போராடும்போது ஊசி முனை நூலின் புரிகளுக்கு நடுவே குத்தி, பாதி நூலை மட்டும் இழுத்து வந்தது. பருத்தியில் இது அடிக்கடி நடக்கும். கம்பளி மாதிரி விட்டுக்கொடுக்கிற தன்மை அதற்கு இல்லை.

‘தளர்வாகப் போடுங்கள்’ என்று சொல்வதில் பயன் இல்லை என்பது அனுபவம். இறுக்கிப் பிடிக்கிற கைக்குத் தளர்வு என்றால் என்னவென்றே தெரியாது. சங்கிலிக்கு மட்டும் 5.5 மில்லிமீட்டர் ஊசியைக் கொடுத்து, முதல் வரிசை தொடங்கும்போது 5க்கு மாறச் சொன்னேன். அதே இறுக்கத்தில் இழுத்தாலும் கண்ணி அரை மில்லிமீட்டர் பெரிதாக விழும். அது போதுமானதாக இருந்தது.

28 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து எண்ணி இரண்டாவது சங்கிலியில் முதல் கண்ணியைப் பின்னினால் வரிசைக்கு 27 கண்ணி வரும். ஊசியை உள்ளே விடு, நூலைக் கொக்கியில் வாங்கி இழு, ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலை வாங்கி இரண்டுக்குள்ளும் இழு. ஒரு சிங்கிள் குரோஷே அவ்வளவுதான். அன்றைய முடிவில் ஒரு வரிசை சுத்தமாக, 27 கண்ணியோடு இருந்தது.

கிளம்பும் முன், அடுத்த வரிசைக்குத் திரும்புவது எப்படி என்று காட்டினேன். ஒரு சங்கிலி போட்டு, துணியைத் திருப்பி, முதல் கண்ணியிலிருந்தே பின்னத் தொடங்க வேண்டும். அதோடு இதையும் சொன்னேன்: “திரும்பும்போது போடுற ஒத்தைச் சங்கிலியைக் கண்ணியா எண்ணாதீங்க சார். அதுக்குள்ள ஊசி விட்டா ஒவ்வொரு வரிசைக்கும் ஒண்ணு கூடிடும்.” நான் எல்லோருக்கும் சொல்கிற வழக்கமான எச்சரிக்கைதான். அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் அமர்வு: கவனித்தது

நான்கு நாள் கழித்து வந்தார். துணியை மேசையில் விரித்தார். ஒன்பது வரிசை. கீழே அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகியும் இருந்தது.

“என்னம்மா, கூடாரம் மாதிரி வருது?”

பின்னிய கண்ணிகள் ஒவ்வொன்றும் நன்றாகவே இருந்தன. முதல் அமர்வைவிட இறுக்கம் குறைந்திருந்தது. புரி பிரிந்த இடங்கள் இரண்டோ மூன்றோதான். குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணி எழுதியிருந்தார்: 27, 26, 25, 24, 23, 22, 21, 20, 19.

இந்த இடத்தில் பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வதைத்தான் நானும் அதுவரை செய்துவந்திருக்கிறேன். ‘ஓரத்தில் விட்டுவிடுகிறீர்கள், கவனமாகப் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு, இரண்டு வரிசை பிரித்துக் கொடுப்பது. அவரும் தன் கவனக்குறைவு என்றே நினைத்திருந்தார். “நடுவுல எங்கயோ ஒண்ண தவறவிடுறேன் போல. நேத்து இன்னும் நிதானமா போட்டேன், அப்பவும் போச்சு” என்றார்.

அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கவனக்குறைவால் விட்டுப்போகிற கண்ணி இப்படிப் போகாது. ஒரு வரிசையில் இரண்டு போகும், அடுத்ததில் ஒன்றும் போகாது, சில நேரம் ஒரே இடத்தில் இரண்டு முறை குத்தி ஒன்று கூடிவிடும். இங்கே எட்டு வரிசையிலும் சரியாக ஒன்று, ஒன்று, ஒன்று என்று இறங்கியிருந்தது. இத்தனை ஒழுங்காக வரும் தவறு கை தவறுவதால் வருவதில்லை. ஏதோ ஒரு விதியை அவர் ஒரு வரிசை பிசகாமல் பின்பற்றியிருக்கிறார் என்றே தோன்றியது. நிதானமாகப் போட்டபோதும் குறைந்தது என்றாரே, அதுவும் இதையே காட்டியது.

துணியின் இரு ஓரங்களும் சம அளவில் சாய்ந்திருந்தன. ஒவ்வொரு வரிசைக்கும் துணியைத் திருப்புவதால், வரிசையின் தொடக்கத்தில் விட்டாலும் முடிவில் விட்டாலும் இழப்பு இடம், வலம் என்று மாறிமாறித்தான் விழும். ஆகவே சாய்வை வைத்து எந்த முனையில் போகிறது என்று சொல்ல முடியவில்லை.

பேசாமல் உட்கார்ந்து, பத்தாவது வரிசையைப் போடச் சொன்னேன். சங்கிலி ஒன்று. திருப்பினார். முதல் கண்ணியில் சரியாக நுழைந்தார். வரிசை முழுக்க ஒன்றுகூட விடவில்லை. கடைசிக்கு வந்தார். நிறுத்தினார். ஓரத்தில் இருந்ததை நகத்தால் தள்ளிப் பார்த்தார். அடுத்த சங்கிலியைப் போடத் தயாரானார்.

“சார், அங்க இன்னொண்ணு இருக்கே?”

“அது நீங்க எண்ணக் கூடாதுன்னு சொன்ன சங்கிலிம்மா.”

அது சங்கிலி இல்லை. முந்தைய வரிசையில் அவர் பின்னிய முதல் கண்ணி.

காரணம்

வரிசையின் முதல் கண்ணி, திரும்பிப் பார்க்கும்போது அடுத்த வரிசையின் கடைசிக் கண்ணியாகிவிடுகிறது. நடுவில் உள்ள கண்ணிகளுக்கு இருபக்கமும் அண்டை உண்டு. நிமிர்ந்து நிற்கும், தலையில் பின்னல் சடைபோல் ‘வி’ வடிவம் தெளிவாகத் தெரியும். ஓரத்துக் கண்ணிக்கு ஒரு பக்கம் தாங்கல் இல்லை. அது வெளிப்பக்கமாகச் சாய்ந்து, தலை பக்கவாட்டில் திரும்பி, அருகிலேயே இருக்கும் திருப்புச் சங்கிலியின் முடிச்சோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு சின்னப் புடைப்பு மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும். கருநீல நூலில் அந்த அளவுகூடத் தெரியவில்லை. நிழலும் நூலும் ஒரே நிறம்.

நான் சொன்ன எச்சரிக்கை அந்தப் புடைப்பின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. எதை எண்ணக் கூடாது என்று சொன்னேன். எதை எண்ண வேண்டும் என்று தொட்டுக் காட்டவில்லை. சொன்னதை அப்படியே கேட்கிற மனிதர் என்பதால் அவர் ஒவ்வொரு வரிசையிலும் அந்த ஒன்றைத் தவிர்த்தார். கவனம் கூடக்கூட அந்தத் தவறு இன்னும் உறுதியானது. அவரைக் கவனமாக இருக்கச் சொல்லி நான் அனுப்பியிருந்தால், அடுத்த ஒன்பது வரிசையிலும் ஒன்பது கண்ணி போயிருக்கும்.

பின்னலைக் கையால் செய்வது வேறு, பின்னியதைப் படிப்பது வேறு. கை வேலையை முதல் நாளே கற்றுக்கொடுத்துவிட்டேன். துணியைப் படிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் இருந்தன. முதல் வரிசை வரை பிரித்துவிட்டுத் தொடரலாம். அல்லது இனி வரும் வரிசைகளில் ஓரத்தில் கூட்டிக் கூட்டி மறுபடி 27க்குக் கொண்டுவரலாம். அப்படிச் செய்தால் இடுப்பு ஒடுங்கிய ஒரு வடிவம்தான் கிடைக்கும். இல்லையேல் அப்படியே வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

அவர் பிரிக்கத்தான் விரும்பினார். நான் வேண்டாம் என்றேன். பிரித்துப் பிரித்துப் பின்னினால் பருத்தி நூலின் முறுக்கு தளர்ந்து பிசிறு தட்டும், பிறகு ஊசி இன்னும் எளிதாகப் புரிக்குள் குத்தும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறு. ஒன்பது வரிசையிலும் விடுபட்ட கண்ணி ஓரத்தில் படிக்கட்டு மாதிரி கண்முன் இருந்தது. பிரித்துவிட்டால் அதைப் படிக்கிற வாய்ப்பும் போய்விடும். நூலை அறுத்து முடித்துவைத்தோம். ஒவ்வொரு படியிலும் விட்டுப்போன கண்ணியை ஊசி முனையால் தொட்டுக் காட்டச் சொன்னேன். முதல் மூன்றுக்குத் தடுமாறினார். நான்காவதிலிருந்து தானே கண்டுபிடித்தார்.

அடுத்த துண்டுக்கு இரண்டு மாற்றங்கள். நிறம் சந்தனம். பிறகு ஊக்கு: வரிசையின் முதல் கண்ணியைப் பின்னி முடித்த அந்த நொடியே, மற்ற கண்ணிகளுக்குப் போகும் முன்பே, அதன் தலையில் ஒரு சிறிய ஊக்கைக் குத்திவிட வேண்டும். திரும்பி வரும்போது ஊக்கு எங்கே இருக்கிறதோ அதுதான் கடைசிக் கண்ணி. அதில் பின்னிய பிறகுதான் ஊக்கைக் கழற்ற வேண்டும். எதை எண்ணக் கூடாது என்ற பேச்சே இந்த முறையில் வராது.

அன்று கட்டைவிரல் அடிப்பகுதி வலிக்கிறது என்றும் சொன்னார். ஊசியைப் பிடித்த பிடி இறுக்கம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்கச் சொன்னேன். அடுத்த வாரம் வலி பற்றிப் பேச்சு வரவில்லை.

சந்தனச் சதுரம்

மூன்றாம் அமர்வுக்கு வரும்போது 22 வரிசை முடித்திருந்தார். எல்லாம் 27. குறிப்பேட்டில் அந்த எண் 22 முறை எழுதப்பட்டிருந்தது. பதினைந்தாவது வரிசைக்குப் பிறகு ஊக்கு இல்லாமலே போட்டதாகவும், ஊக்கு இல்லாமலே கடைசிக் கண்ணி தெரிய ஆரம்பித்துவிட்டதாகவும் சொன்னார். துணியின் ஓரத்தை விரலால் நீவிக் காட்டினார், நேராக இருந்தது.

30 வரிசையில் 18 சென்டிமீட்டர் சதுரம் கிடைத்தது. மீதிக் கண்டை ஒதுக்கிவைத்தோம்.

இடையில் வீட்டில் ஒரு சிறு குழப்பம் நடந்தது. தானாகவே இன்னொரு சதுரம் பின்னிப் பார்க்க, எங்கோ கிடைத்த அச்சிட்ட செய்முறை ஒன்றைப் பார்த்திருக்கிறார். அதில் ‘டபுள் குரோஷே’ என்று இருந்தது. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்று சொல்வதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். செய்முறை பிரிட்டிஷ் முறைப்படி எழுதப்பட்டது. இவரோ நான் என்றோ காட்டிய உயரமான டபுள் கண்ணியைப் போட்டார். ஆறு வரிசை போன பிறகு சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். கண்ணிகளுக்கு நடுவே வெளிச்சம் ஒழுகியது. ‘வெளிச்சம் வர்ற வழியில சூடும் வரும்’ என்று அவராகவே பிரித்துவிட்டார். இரண்டாம் அமர்வில் தன் துணியில் என்ன பிழை என்று தெரியாமல் வந்தவர், பத்து நாளில் தன் துணியைத் தானே சோதித்து முடிவெடுத்தார். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் நிறைவு தந்த இடம் இதுதான்.

சூட்டுச் சோதனை

நான்காம் அமர்வில் சந்தனச் சதுரத்தைச் சோதித்தோம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, பக்கவாட்டு உலோகக் கைப்பிடியைத் துணியால் பிடித்தேன். ஒற்றை அடுக்கில் ஐந்து எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியதாயிற்று. துணியை இரண்டாக மடித்துப் பிடித்தபோது இருபது வரை எண்ண முடிந்தது. இளஞ்சூடு மட்டும் தெரிந்தது. இத்தனைக்கும் கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரிதான். ஓவனிலிருந்து (மின்சூளையிலிருந்து) வெளியே எடுக்கிற தட்டு அதைப்போல இரு மடங்கு சூட்டில் இருக்கும். ஒற்றை அடுக்குப் பிடிதுணியை யாருக்கும் கொடுக்க முடியாது என்று அவருக்கே தோன்றியது.

சூட்டைத் தடுப்பதில் பெரும்பங்கு நூலைவிட, நூலிழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்றுக்குத்தான். அதனால்தான் ஈரத் துணியால் பாத்திரம் பிடிக்கக் கூடாது. தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் எத்தனை அடுக்கு இருந்தாலும் சூடு நேராகக் கைக்கு வந்துவிடும், கூடவே ஆவியும் கிளம்பும். கை கழுவிவிட்டுப் பிடிதுணியில் துடைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. அவரிடம் இதை இரண்டு முறை சொன்னேன்.

இரண்டு அடுக்குக்கு வழிகள் பல. முந்தைய வரிசையின் பின் இழையையும் அதற்கும் கீழே உள்ள வரிசையின் முன் இழையையும் சேர்த்துப் பிடித்துப் பின்னினால் ஒரே துண்டே இரட்டைத் தடிமனில் வரும். சங்கிலியின் இருபுறமும் சுற்றிச் சுற்றிப் பின்னி, பை போல வந்ததைக் குறுக்காக மடித்துச் சதுரமாக்குகிற முறையும் உண்டு. பார்க்க மிகவும் நன்றாக இருக்கும். இரண்டையும் நான் ஒதுக்கினேன். முழுக் கண்ணியைப் படிக்கவே இப்போதுதான் கற்றவர். அதன் பின் இழை, முன் இழை என்று பிரித்துப் பார்க்கச் சொல்ல அது நேரம் அல்ல. இன்னொரு சதுரம் பின்னி, இரண்டையும் சேர்த்து ஓரம் கட்டுவது என்று முடிவானது.

இரண்டாவது சதுரத்தைக் கருநீலத்திலேயே போடட்டுமா என்று கேட்டார். முதலில் தோற்ற நிறம். சரி என்றேன். ஊக்கு குத்தாமல், ஓரக் கண்ணியை விரலால் தடவியே கண்டுபிடித்து, 30 வரிசையும் 27ஆக முடித்தார்.

இணைத்தது, கழுவியது

கருநீலம் சாயம் விடுகிற நிறம். சந்தனத்தோடு சேர்த்துத் தைத்தபின் கழுவினால் சந்தனம் வீணாகும். இணைக்கும் முன்பே இரண்டையும் தனித்தனியாகக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தோம். முதல் தண்ணீர் நீலமாக வந்தது. நான்காவது முறைதான் தெளிந்தது. தரையில் விரித்து உலர்த்தினோம்.

உலர்ந்த பின் அருகருகே வைத்தால் கருநீலம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பெரிது. அதே ஊசி, அதே எண்ணிக்கை. அவருடைய கை இளகியிருந்தது, அவ்வளவுதான். மூன்றாவதாக ஒன்று பின்னுகிறேன் என்றார். தேவையில்லை என்று நினைத்தேன். கண்ணிக்குக் கண்ணி, வரிசைக்கு வரிசை எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து எண்ணி இணைக்க முடியும். பெரியது நடுவில் இலேசாகப் புடைத்து நிற்கும். அந்த இடைவெளியில் காற்று தங்கும், அது நல்லதுதான்.

மிச்சமிருந்த சந்தன நூலால், இரண்டு துண்டுகளையும் சேர்த்துக் குத்திச் சுற்றிலும் சிங்கிள் குரோஷே போட்டார். மூலைக்கு மூன்று கண்ணி. ஒன்றோடு விட்டால் மூலை உள்ளே சுருண்டு கிண்ணம் மாதிரி ஆகிவிடும். நான்காவது மூலையில் 12 சங்கிலி போட்டு மடக்கி, மாட்டுவதற்கு ஒரு வளையம். அதற்கு மேல் நீளம் வேண்டாம் என்றேன். தொங்குகிற வளையம் அடுப்புத் தீயில் படக்கூடும், பருத்தி எரியும்.

முடிந்த பிடிதுணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்தப் பழைய ஒன்பது வரிசைத் துண்டு எங்கே என்று கேட்டார். கொடுத்தேன். குறிப்பேட்டுக்குள் வைத்து எடுத்துப் போனார்.

பின்னர் நடந்தது

ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன். பிடிதுணி தினமும் பயன்பட்டு வந்தது. கையில் சூடு பட்டதாகப் புகார் இல்லை. முதல் கழுவலுக்குப் பின் இலேசாகச் சுருங்கி இறுகியிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் இருந்த அளவு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது.

ஒரு பழுது இருந்தது. ஓரம் கட்டி முடித்த இடத்தில் நூல் முனை வெளியே வந்து இரண்டு கண்ணி அவிழ்ந்திருந்தது. முனையை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டியிருந்தார். பருத்தி இழைகள் கம்பளி மாதிரி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளாது. முடிச்சு நாளடைவில் நெகிழும். 15 சென்டிமீட்டர் முனை விட்டு, மழுங்கிய ஊசியில் கோத்து, கண்ணிகளுக்குள்ளாக ஒரு திசையில் ஓட்டி, திரும்பி எதிர்த்திசையில் ஓட்டி, மூன்றாவதாகக் குறுக்கே ஓட்டினால்தான் நிற்கும். இணைக்கும் அமர்வில் நேரம் போதவில்லை என்று இதை வாயால் மட்டும் சொல்லியிருந்தேன். அவிழ்ந்ததை அவரே எடுத்துப் பின்னி, இந்த முறை முனையை ஓட்டிக்கொண்டார்.

அடுத்தவருக்கு மாற்றப்போவது

திருப்புச் சங்கிலி பற்றிய அந்த எச்சரிக்கையை இனி முதல் நாளில் சொல்லமாட்டேன். முதல் கண்ணியில் ஊக்குக் குத்துவதைச் சொல்வேன். சங்கிலி பற்றி, ஓரம் நேராக வந்த பிறகு, கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

முதல் துண்டு வெளிர்நிறத்தில்தான். கற்பவர் எவ்வளவு நியாயமான காரணம் சொன்னாலும்.

27 கண்ணியில் தொடங்கியதும் சரியில்லை என்று இப்போது படுகிறது. குழப்பம் எல்லாம் ஓரத்தில்தான். அகலமான துணியில் ஓர் ஓரத்துக்கும் அடுத்த ஓரத்துக்கும் நடுவே 25 கண்ணி, பத்து நிமிட வேலை; அதற்குள் முந்தைய ஓரம் எப்படி இருந்தது என்பது மறந்துவிடும். பத்துக் கண்ணி அகலத்தில் ஒரு பட்டையை முதலில் போடவைத்தால், அதே நேரத்தில் மூன்று மடங்கு ஓரங்களைச் சந்திப்பார்கள். பட்டையைப் பிறகு மாட்டும் வளையமாக மடித்துத் தைத்துவிடலாம், நூலும் வீணாகாது. இப்போது என்னிடம் கற்கும் இருவருக்கு அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன்.

மாற்றாமல் வைத்துக்கொள்ளப்போவது ஒன்று: தவறிப்போன முதல் துண்டைப் பிரிக்காமல் வைப்பது. அவர் இப்போது மூன்றாவது பிடிதுணியில் இருக்கிறார், இந்த முறை இரட்டைத் தடிமன் பின்னல். பின் இழையும் முன் இழையும் குழம்பும்போதெல்லாம் அந்தக் கருநீலத் துண்டை எடுத்து, ஓரத்துப் படிக்கட்டில் ஒரு கண்ணியைத் தொட்டு, அதில் இழை எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மறுபடி பின்னத் தொடங்குகிறார்.